காப்பித் தோட்டம் சென்று காண்பதும் காப்பியைச் சுவைத்தறிவதும்

காப்பி அருந்துவோர் பலர். காப்பிச் செடியைக் கண்டோர் சிலர். நகரவாசிகள் விஷயத்தில் இது வியப்பன்று. ஆனால் காப்பியைப் பயிரிட்டு விற்கும் குடியானவர்களுள்ளும், தம் தோட்டத்துக் காப்பியைத் தனியே வறுத்து, பாலும் சர்க்கரையுமின்றி ஒரு முறையேனும் சுவைத்துப் பார்த்தவர் மிகச் சிலரே. பழத்தைக் கொய்து, உலர்த்தி, மூட்டை கட்டி, வியாபாரியிடம் சேர்த்து, அவர் சொல்லும் விலையைப் பெற்றுத் திரும்புவதோடு அவர்களுடைய காப்பி விசாரம் முடிந்துவிடுகிறது. விலையில் கழிவு ஏற்படும்போது அது வியாபாரியின் தந்திரமென்றே எண்ணுவோர் உளர். சில வேளை அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் சரக்கின் வாசனையும் ருசியும் பற்றிய கழிவாயின், அக்குற்றம் பெரும்பாலும் தோட்டத்திலேயே, பழம் கொய்த நாளுக்கும் மூட்டை கட்டிய நாளுக்கும் இடையில், உண்டானதாகும்.

முற்காலத்தில் இவ்விஷயம் விவசாயியை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. 1942-ஆம் ஆண்டின் காப்பிச் சட்டத்தின்படி விளைந்த காப்பி யாவும் காப்பி போர்டின் பொதுக் களஞ்சியத்திற்கே செல்லவேண்டியிருந்தது. பல தோட்டங்களின் சரக்கும் ஒன்றாய்ச் சேர்ந்து விற்பனையாயிற்று. 1990-ஆம் ஆண்டுகளின் நடுவில் இம்முறை நீங்கியது முதல் ஒவ்வொருவரும் தம் சரக்கைத் தாமே விற்றுக்கொள்கிறார்கள். ஆகையால் தம் சரக்கின் குணம் இன்னதென்று அறியாத விவசாயி, அதனை அறிந்த வியாபாரியின் எதிரே கண்கட்டி நிற்பவராகிறார்.

இக்காலத்தில் சேர்வராயன் மலையிலும், பழனி மலையின் கீழ்ப்பகுதிகளிலும், நீலகிரியிலும், குடகிலும் சில தோட்டக்காரர்கள் வெளியூரார்க்குத் தம் தோட்டத்தைச் சுற்றிக்காட்டி, முடிவில் காப்பியைச் சுவைக்கக் கொடுத்து அனுப்புகிறார்கள். சுற்றுலாவாக வருவோர்க்கு அது ஒரு பொழுதுபோக்கு. ஆனால் விவசாயிகள் பத்துப் பன்னிருவர் ஒன்றுகூடி அவ்விதம் ஒரு நாள் சென்று வருவராயின், அஃது அவர்களுக்குச் சிறந்ததொரு பாடமாகும். அப்பாடத்தை எவ்வாறு கற்பது, எதனை நோக்குவது, எதனைக் கேட்பது என்பன இங்கே கூறப்படுகின்றன. எடுத்துக்காட்டாகக் கொண்டது திண்டுக்கல் ஜில்லாவைச் சேர்ந்த கீழ்ப்பழனி மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பன்றிமலை முதலிய ஊர்களைச் சூழ்ந்த பிரதேசம். காப்பி போர்டின் பிராந்திய ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் தாண்டிக்குடியில் உள்ளது.

செல்லத்தக்க காலம்

மலர்ச்சியைக் காண விரும்புவோர் கோடை மழைக்குப் பின் செல்வர். மார்ச், ஏப்ரல் மாதங்களில் நல்ல மழையொன்று பெய்து ஒன்பது பத்து நாட்களில் செடிகள் யாவும் ஒருங்கே வெண்பூப் பூத்து, மல்லிகையை ஒத்த மணம் கமழ நிற்கும். காட்சி மிக அழகியது. மூன்று நான்கு நாட்களில் முடிந்துவிடுவது. ஆயினும் பாடம் கற்க வருவோர்க்கு அக்காலம் பயன்படாது. பூத்ததிலிருந்து எட்டு ஒன்பது மாதம் கழித்தே அராபிகாப் பழம் கனியும். ஆகவே நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி முடிய உள்ள காலமே ஏற்றது. அப்போதுதான் கொய்தல், தோல் நீக்கல், புளிக்க வைத்தல், கழுவுதல், உலர்த்தல் ஆகிய எல்லா வேலைகளையும் ஒரே நாளில் ஒரே தோட்டத்தில் பார்க்க இயலும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. கீழ்ப்பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழை மிகுதி. பழம் கனியும் காலமும் மழைக்காலமும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுகின்றன. மேற்குத் தொடர்ச்சியின் கர்நாடகப் பகுதிகளில் உலர்த்தும் களத்திற்குக் கிடைக்கும் தெளிந்த வெயில் இங்கே அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. இந்நாட்டுக் காப்பியின் குற்றங்களுட் பலவற்றை அறிய இவ்வொரு செய்தியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மழை நாளில் சென்றால் தோட்டக்காரர் தம் காப்பியை எவ்வாறு காப்பாற்றுகிறார் என்பதையும் பார்க்கலாம். ஆகையால் வானம் மூடியிருக்கிறதென்று பயணத்தை ஒத்திவைத்தல் நன்றன்று.

நிழலும் செடியும்

தோட்டத்துள் நுழைந்தவுடன் கண்ணிற்படுவது காப்பிச் செடியன்று, நிழல் மரங்களே. மேலே சில்வர் ஓக்கும் காட்டுமரங்களும், கீழே முள்முருங்கையும், இடையிடையே கமலா ஆரஞ்சும் மலைவாழையும், மரங்களிற் படர்ந்த மிளகுக்கொடியுமாக அத்தோட்டம் காடே போலத் தோன்றும். செடிக்கு நிழல் எதற்கென்று வினவுவோர்க்குச் சொல்லவேண்டிய விடைகள் பல. அவற்றுள் விவசாயி மறக்கலாகாதது ஒன்று: அராபிகாவின் பெரும்பகையாகிய வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வெயில் விழும் இடத்துச் செடிகளையே மிகுதியாக நாடுகிறது. விலையேறிய ஆண்டில் மரத்தை வெட்டி விற்றுவிட்டுச் சில ஆண்டுகளில் செடியையும் இழப்பது இதனாலேயே நேர்கிறது. சுற்றிக்காட்டுபவரிடம் துளைப்பான் தாக்கிய செடியொன்றைக் காட்டும்படி கேட்டல் வேண்டும். அதன் தண்டில் பட்டை வளையம்போல் மேடிட்டிருக்கும். இலைகள் வெளுத்து வாடியிருக்கும். அத்தகைய செடியை வண்டு வெளிப்படும் பருவங்களாகிய ஏப்ரல் மே மாதங்களுக்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள காலத்திற்கும் முன்னரே வேரோடு பிடுங்கி எரிப்பதல்லது வேறு வழியில்லை. தோட்டத்தில் நோயுற்ற செடி ஒன்றுமேயில்லை என்று சொல்லுவோர் சொல்லை அப்படியே ஏற்கவேண்டியதில்லை.

இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதும் நன்று. ஆரஞ்சு நிறப் பொடி கையில் ஒட்டுமாயின் அது இலைத்துரு நோய். 1869-ஆம் ஆண்டு இலங்கையில் தோன்றிய இந்நோயே அத்தீவின் காப்பித் தோட்டங்களை அழித்து, அவ்விடங்களில் தேயிலை வரக் காரணமாயிற்று. அக்காப்பித் தோட்டங்களில் உழைத்தோர் நம் ஜில்லாக்களிலிருந்து கடல் கடந்து சென்ற தமிழ்க் கூலியாட்களே. நம் மலைகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையைப் பருவமறிந்து தெளிப்பதாலும், எதிர்ப்புக் குணமுள்ள செடிகளை நடுவதாலும் இந்நோய் அடக்கப்பட்டு வருகிறது.

கொய்தல்

இனிப் பாடத்தின் முக்கியப் பகுதி தொடங்குகிறது. ஒரு கிளையில் பச்சைக்காய், மஞ்சள் படர்ந்த செங்காய், நன்கு சிவந்த பழம், கறுத்து வற்றிய பழம் ஆகிய நால்வகையும் ஒரே நாளில் காணப்படும். வந்திருப்போர் ஒவ்வொன்றையும் பறித்து விரலாற் பிதுக்கிப் பார்த்தல் வேண்டும். சிவந்த பழம் மெல்ல அழுத்தினவுடன் இரு கொட்டைகளையும் வழுவழுப்பான பசையோடு வெளியே தள்ளும். அப்பசையை நாவிலிட்டால் தித்திக்கும். பச்சைக்காயோ எவ்வளவு அழுத்தினும் கொட்டையை விடாது. இயந்திரத்திலும் அஃது அவ்வாறே அடம்பிடித்து, நசுங்கியோ வெட்டுண்டோ வெளிவரும். கறுத்த பழத்தின் கொட்டை செடியிலேயே புளிக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே சிவந்த பழம் ஒன்றே நல்ல காப்பிக்கு உரியது. மற்றவை தனியே கொய்து தனியே உலர்த்தி விற்கவேண்டியவை.

இது தெரியாத தோட்டக்காரர் இல்லை. தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? காரணம் கூலியில் இருக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி பேசிவிட்டு, பழுத்ததை மாத்திரம் கொய்ய வேண்டுமென்று உத்தரவிடுவது நியாயமாகாது. கிளையைக் கையால் ஒரே உருவாய் உருவுகிறவள் மாலையில் இரு கூடை காட்டுவாள். பார்த்துப் பார்த்துப் பறிக்கிறவள் ஒரு கூடையே காட்டுவாள். குறைந்த கூலி பெறுகிறவள் நல்ல வேலை செய்தவளே. சுற்றிப் பார்க்கச் செல்லும் விவசாயிகள் இதனைக் கொய்யும் பெண்களிடமே நேரில் விசாரிக்கலாம். பழத்தின் நிறத்திற்கேற்ப மிகைக்கூலி தருவதோ, நாட்கூலி தருவதோ, எதுவாயினும் ஏற்பாடு ஒன்று இல்லாத தோட்டத்தில் நல்ல பழம் தனியே வந்து சேராது. ஏறக்குறைய ஆறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ சுத்தமான கொட்டையே கிடைக்கிறதென்பதை எண்ணினால், அவ்வாறு கிலோவில் ஒரு கிலோ பச்சைக்காய் கலந்தாலும் கோப்பையில் அதன் துவர்ப்பு எத்துணை தெரியும் என்பது விளங்கும்.

தோல் நீக்கலும் புளிக்க வைத்தலும்

கொய்த பழம் அன்றைக்கே பல்ப்பர் இயந்திரத்திற் செல்லவேண்டும். மூட்டையிலோ குவியலிலோ இராத்தங்கிய பழத்திற்குள் கையை விட்டுப் பார்த்தால் சூடு தெரியும். அந்தச் சூடே கேட்டின் தொடக்கம். பழத்தை முதலில் நீரிலிட்டு மிதப்பதை வடித்து நீக்குவது நல்ல வழக்கம். இயந்திரத்திலிருந்து விழும் கொட்டைகளில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தல் வேண்டும். வெட்டுப்பட்ட கொட்டை மிகுந்திருந்தால் இயந்திரத்தின் இடைவெளி சரியாக அமைக்கப்படவில்லை. வெட்டுண்ட இடத்தின் வழியே பூசணம் புகும்.

பசை நீங்கும்பொருட்டுக் கொட்டைகளைத் தொட்டியிற் குவித்து வைப்பர். அராபிகாவுக்கு இது 24 மணி முதல் 36 மணி வரை செல்லும். குளிர்ந்த இரவுகளில் நேரம் நீளும், வெப்பம் மிகுந்தால் குறையும். ஆகையால் கடிகாரத்தை மாத்திரம் நம்பித் தொட்டியைத் திறப்பது பிசகு. ஒரு பிடியைக் கழுவி உள்ளங்கையில் தேய்த்தால் வழுக்காமல் சரளைக்கல் போலச் சொரசொரவென்று ஒலிக்கவேண்டும். குவியலில் கோலை ஊன்றி எடுத்தால் குழி மூடாமல் நிற்கவேண்டும். அந்நிலை வந்தவுடன் சுத்தமான நீரில் கழுவிவிடவேண்டும். அதன் பின்னும் விட்டுவைத்தால் கொட்டை அழுகிப்போகும். அவ்விதம் அழுகிய கொட்டை சில நூறு கொட்டைகளில் ஒன்று இருந்தாலும் வறுத்த காப்பி முழுவதும் நாறும். தொட்டியின் மூலையில் முந்தின நாளைய கொட்டைகள் ஒட்டிக்கொண்டிருப்பதே இதற்குப் பலவிடங்களிற் காரணம். தோட்டக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்தவர்கள் அம்மூலைகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

சிறு விவசாயிகள் பலரிடம் இயந்திரமோ தொட்டியோ கிடையாது. அவர்கள் பழத்தை அப்படியே உலர்த்திச் செர்ரிக் காப்பியாக விற்கிறார்கள். அது தாழ்ந்த முறையென்று தள்ளவேண்டியதில்லை. பழுத்ததை மாத்திரம் கொய்து, மெல்லிய படலமாகப் பரப்பி, நாள்தோறும் பலமுறை கிளறி உலர்த்திய செர்ரிக் காப்பி, கவலையின்றித் தயாரித்த பார்ச்மெண்ட் காப்பியைவிட மேலானது.

களம்

கழுவிய பார்ச்மெண்ட் காப்பி சிமெண்டுக் களத்திலோ, தரைக்கு மேல் உயர்த்திக் கட்டிய கம்பிவலைத் தட்டிலோ உலர்கிறது. மண் தரையில் உலர்த்தினால் மண் வாசனை ஏறும். பிறகு எவ்வித உபாயத்தாலும் அது நீங்காது. கடும் வெயிலில் விரைந்து காய்ந்தால் மேல்தோல் வெடிக்கும். மாலையில் மூடாவிட்டால் பனி இறங்கி, காய்ந்தது மறுபடி ஈரமாகும். மழைநாட்களில் குவித்து மூடி வைத்துவிட்டு வெயிலை எதிர்பார்த்திருப்பதே கீழ்ப்பழனி மலையில் நேரும் பெருந்தவறு. ஈரக்காப்பி இரண்டு நாள் மூடிக்கிடந்தால் பூசணம் பிடிக்கிறது. அப்பூசணத்தால் உண்டாகும் ஓக்ராடாக்ஸின் என்னும் நஞ்சுக்கு ஐரோப்பிய நாடுகள் சட்டப்படி வரம்பு கட்டியுள்ளன. நம் தேச விளைச்சலில் பெரும்பகுதி வெளிநாடு செல்வதால் இஃது அலட்சியம் செய்யத்தக்கதன்று. மேலே ஒளிபுகும் தாளை வளைவாகக் கட்டி, அதன்கீழ்த் தட்டுகளில் உலர்த்தும் முறையை எங்கேனும் கண்டால், அதற்கான செலவையும், எத்தனை கிலோ ஒரே தடவையில் உலரும் என்பதையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் நின்றால் காப்பி உலர்ந்ததாகக் கொள்ளலாம். பல்லாற் கடித்துப் பார்த்துச் சொல்லும் முதியோர் இன்றும் உளர். அவர்கள் கணிப்பு பலகாலும் சரியாகவே இருக்கும். எனினும் மூட்டைக்கணக்கில் விற்பவர் ஈரமானி ஒன்றைப் பலர் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்வது உசிதம். உலர்ந்த காப்பி பக்கத்திலுள்ள எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் தன்மையது. மிளகும், உரமும், மண்ணெண்ணெயும் இருக்கும் அறையிலேயே காப்பி மூட்டையையும் அடுக்குவது இம்மலைகளில் சாதாரணம். மிளகும் காப்பியும் ஒரே தோட்டத்தில் விளையலாம். ஒரே அறையில் உறங்கலாகாது.

சுவைத்தறிதல்

தோட்டத்தைச் சுற்றிவந்தோர் களைத்து அமர்ந்தவுடன், பாலும் சர்க்கரையும் சேர்த்து நுரை பொங்க ஆற்றிய காப்பி கொடுப்பது மலைநாட்டு உபசாரம். அதனை மறுக்கவேண்டுவதில்லை. ஆனால் அது சோதனையாகாது. பால் துவர்ப்பை மறைக்கும். சர்க்கரை புளிப்பை மறைக்கும். சிக்கரி எல்லாவற்றையும் மறைக்கும். தமிழ்நாட்டில் பில்டர் காப்பிக்குச் சிக்கரி கலப்பது நெடுநாள் வழக்கம். அதனால் டிகாக்ஷனுக்கு நிறமும் கனமும் உண்டாகின்றன. குடிப்பவர்க்கு அது விருப்பமாயின் குறைகூற இடமில்லை. விளைவிப்பவர் மட்டும், தம் சரக்கைப் பரீக்ஷிக்கும்போது அதனை விலக்கவேண்டும்.

பரீக்ஷை முறை எளியது. முந்தின நாள் இளம்பதமாக வறுத்த கொட்டையைச் சற்றுப் பரபரப்பாக அரைத்து, ஒரு மாதிரிக்கு ஐந்து கோப்பைகள் வீதம், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 8 கிராம் தூளிடுவர். முதலில் உலர்ந்த தூளை முகர்தல். பிறகு, கொதித்து ஒரு நிமிடம் ஆறிய நீரை 150 மில்லி அளவு ஒவ்வொரு கோப்பையிலும் வார்ப்பர். தூள் மேலே ஆடைபோல் மிதந்து நிற்கும். நான்கு நிமிடம் சென்றபின் மூக்கைக் கோப்பையின் அருகிற் கொண்டுபோய்க் கரண்டியால் அவ்வாடையை உடைக்கவேண்டும். அப்போது எழும் ஆவியிலேயே பாதி உண்மை வெளிப்பட்டுவிடும். நுரையை நீக்கி, வாய் பொறுக்கும் சூடு வந்ததும், கரண்டியில் எடுத்து ஓசையெழ உறிஞ்சவேண்டும். பந்தியில் அவ்விதம் உறிஞ்சினால் பெரியோர் கண்டிப்பர். இங்கே அது முறையே. காற்றோடு சேர்ந்து தூவலாய் நாவெங்கும் பரவினால்தான் வாசனை மூக்கிற்கு ஏறும். சுவைத்ததை உமிழ்ந்துவிடலாம். முழுதும் ஆறியபின் மற்றொரு முறை சுவைப்பது மிகவும் அவசியம். சூடு மறைத்திருந்த குற்றம் ஆறியபின் வெளிப்படும்.

எந்த மாதிரி எவருடையது என்று முன்னரே அறிவிக்கலாகாது. கோப்பையின் அடியில் எண்ணை மட்டும் எழுதி வைத்தல் வேண்டும். இல்லாவிடில் தோட்டக்காரர் காப்பியே சிறந்ததென்று விருந்தினர் அனைவரும் ஒருமுகமாய்ச் சொல்லிவிடுவர்.

நாவில் தோன்றுவதைத் தோட்டத்தோடு பொருத்திப் பார்ப்பதே இப்பாடத்தின் உயிர். பச்சைப்புல்லின் வாசனையும், நாவை இழுக்கும் துவர்ப்பும் தோன்றினால் பச்சைக்காய் கலந்திருக்கிறது. காடி போன்ற கூர்மையான புளிப்பு, தொட்டியில் நேரம் மிஞ்சியதையோ, பழம் குவியலில் இராத்தங்கியதையோ காட்டும். எலுமிச்சை, ஆரஞ்சு இவற்றை நினைப்பூட்டும் மென்மையான புளிப்பு அராபிகாவின் இயற்கைக் குணம். உயர்ந்த இடத்துக் காப்பியில் அது விரும்பத்தக்கது. இவ்விரு புளிப்பையும் பிரித்தறியப் பழக வேண்டும். ஈரச்சாக்கின் வாசனை, களத்திலோ கிடங்கிலோ பூசணம் பிடித்ததற்கு அடையாளம். ஐந்து கோப்பையில் நான்கு நன்றாயிருந்து ஒன்று மட்டும் நாறுமாயின், அழுகிய கொட்டை ஒன்றிரண்டு அதில் விழுந்திருக்கிறதென்று கொள்ளவேண்டும். ஐந்து கோப்பை வைப்பது இதற்காகவே. ஐந்திலும் ஒரே குற்றம் தோன்றுமாயின் வேலை முறையிலேயே பிசகு உள்ளது. பின்னதைத் திருத்துவது கடினமாகத் தோன்றினும் உண்மையில் எளிது. ஏனெனில் எங்கே தேடவேண்டுமென்பது தெரிந்துவிடுகிறது.

கண்டுவந்ததை வீட்டிற் செய்து பார்த்தல் நலம். ஒரே நாளில் ஒரே பாத்தியிற் கொய்த பழத்தை மூன்று பங்காக்க வேண்டும். ஒன்றில் சிவந்த பழம் மட்டும்; இரண்டாவதில் ஐந்திலொரு பங்கு பச்சைக்காய் கலந்தது; மூன்றாவது சிவந்த பழமேயாயினும் ஓர் இரவு சாக்கில் கட்டிவைத்தது. மூன்றையும் தனித்தனியே உலர்த்தி, வறுத்து, எண்ணிட்டு வீட்டாரையும் அயலாரையும் அழைத்துச் சுவைக்கச் செய்யலாம். பங்குக்கு மூன்று கிலோ பழம் போதும். கொய்யும் பெண்களுக்கும் அக்கோப்பைகளைக் கொடுத்தல் வேண்டும். பழுத்ததையே பறிக்கும்படி நூறு முறை சொல்வதைவிட அது மிகவும் பயன் தரும்.

தோட்டத்தைத் திறந்துவிடுவோர்க்கும் கிராம அதிகாரிகளுக்கும் சில வார்த்தைகள்

சுற்றிப் பார்க்க வருவோரால் கிடைக்கும் வருமானத்தை எண்ணிச் சிலர் தம் தோட்டத்தையும் திறக்க முற்படுகிறார்கள். அதில் குற்றமில்லை. வருவோரைப் பழம் பறித்து மடியிற் கட்டிக்கொண்டு போக மட்டும் விடலாகாது. காய்த்துளைப்பான் என்னும் சிறு வண்டு 1990-ஆம் ஆண்டில் நீலகிரியின் கூடலூரில் முதன்முதல் இந்தியாவிற் காணப்பட்டு, பின் மற்ற மலைகளுக்கும் பரவியது. தாக்கிய பழமும் நன்கு உலராத கொட்டையும் சாக்கும் இடம்பெயரும்போது அதுவும் உடன்செல்கிறது. பழத்தின் நுனியில் குண்டூசியாற் குத்தியது போன்ற துளை இருப்பின் அதுவே அடையாளம். அத்தகைய பழங்களைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் அமிழ்த்திப் பின் உலர்த்தவேண்டும். கீழே உதிர்ந்ததும் செடியில் விடுபட்டதுமான பழங்களைக் கொய்து முடிந்தவுடன் ஒன்றும் விடாமல் பொறுக்கிவிடுவதே இதற்குத் தலையாய பரிகாரம்.

மற்றது நீரைப் பற்றியது. பல்ப்பரிலிருந்தும் கழுவும் தொட்டியிலிருந்தும் வெளிவரும் நீர் பசையும் புளிப்பும் நிறைந்தது. ஓடையிற் கலந்தால் நீரிலுள்ள பிராணவாயுவை அது உண்டுவிடும், மீன் சாகும், நீர் கறுத்து நாறும். மலைமேல் கொய்யும் காலமும், ஓடைநீரைக் கீழேயுள்ள ஊரார் குடிநீருக்கும் பாசனத்திற்கும் நம்பியிருக்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஆகையால் கிராம அதிகாரிகள் தோட்டத்தைப் பார்வையிடும்போது இயந்திரத்தோடு நின்றுவிடாமல், அந்நீர் செல்லும் வாய்க்காலின் வழியே முடிவு வரை நடந்து பார்த்தல் வேண்டும். தோல் தனியே வடிகட்டப்பட்டு எருக்குழிக்குச் செல்கிறதா, நீர் சுண்ணாம்பிட்டுப் புளிப்பு நீக்கப்பட்டுத் தொட்டிகளில் தேங்கித் தெளிகிறதா, ஒரே நீரைத் தோல் நீக்குவதற்கு மறுபடியும் பயன்படுத்திச் செலவைக் குறைத்திருக்கிறார்களா என்பவை விசாரிக்கத்தக்கவை. வாய்க்கால் ஓடையில் முடியுமாயின், அடுத்த கொய்தற்பருவம் தொடங்குமுன் குழிகள் வெட்டப்படும்படி தோட்டக்காரரோடு பேசி, வேலை முடிந்ததும் மறுபடி வந்து பார்க்கவேண்டும்.